உலைக்கு எத்தனை பேர்? வயலுக்கு எத்தனை கை?



முப்பத்து நாலு வருஷம் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் பயிர்க்கடன் பிரிவு. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஜாமீன்தாரர் கையெழுத்து என்று எல்லாம் சரிபார்த்துக் கடன் கொடுத்திருக்கிறேன். கடன் கேட்டு வந்தவரிடம் "எத்தனை ஏக்கர், என்ன பயிர், தண்ணி எப்படி" என்று கேட்பேன். "உங்க வீட்டில் யார் யார் இருக்காங்க, யார் வயலுக்கு வருவாங்க" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, விழுப்புரம் பக்கம் இருக்கிற எங்கள் நாலு ஏக்கரில் இயற்கை விவசாயம் ஆரம்பித்தபோதும் அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு ஏக்கர் கிச்சிலிச் சம்பா, ஒரு ஏக்கர் மல்லாட்டை, மிச்சத்தில் காய்கறியும் தீவனமும், நாலு நாட்டு மாடு. கூட்டங்களில் கேட்டது, படித்தது எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்துவிடணும் என்கிற வேகம். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் என்றால் நாலு ஏக்கருக்கு 800 லிட்டர். ஒவ்வொரு தடவைக்கும் 40 கிலோ சாணம், 40 லிட்டர் கோமியம், 8 கிலோ வெல்லம், 8 கிலோ பயறு மாவு. காலையும் மாலையும் கலக்கணும், பாசனத்தோடு விடணும். இதை 15 நாளைக்கு ஒரு தடவை செய்தோம். "செஞ்சோம்" என்று சொல்கிறேன். யார் செய்தது? நானும் என் மனைவியும்தான்.

இரண்டாவது வருஷம் கார்த்திகை மாதம், மழை ஈரத்தில் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரத்தில் பண்ணை அப்படியே நின்றுபோனது. இரண்டாம் களை எடுக்கவில்லை. பால் கறக்க எனக்குச் சரியாக வராது. இரண்டு மாட்டை விற்றேன். கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்தபடி அவர் ஒரு நாள் சொன்னார்: "உங்க அம்மா காலத்துல இந்த வீட்ல பதினோரு பேருக்கு உலை வைப்பாங்கன்னு பெருமையா சொல்றீங்க. அந்தப் பதினோரு பேர் செஞ்ச வேலையை நாம ரெண்டு பேர் செய்றோம்னு ஒரு நாளாவது எண்ணிப் பாத்தீங்களா?"

எண்ணிப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

குடும்பம் என்றால் யார்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு நல்ல வரையறை இருக்கிறது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ரத்த உறவு இருக்கணும் என்று அவசியம் இல்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பம். நம் ஊரில் "தனி உலை வச்சிட்டாங்க" என்று சொல்கிறோமே, அதே கணக்குதான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். குடும்பங்கள் சுமார் 1 கோடியே 85 லட்சம். வகுத்துப் பாருங்க, ஒரு உலைக்கு நாலு பேர்கூட இல்லை. இது பதினாலு, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கணக்கு. 2021-இல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027-க்கு வைத்திருக்கிறார்கள். அதில் இன்னும் குறைந்துதான் வரும்.

காரணம் தெரிந்ததுதான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரியாக 1.8 குழந்தை. ஒரு தலைமுறையை அடுத்த தலைமுறை ஈடுகட்ட 2.1 வேண்டும். இன்னொரு பக்கம் ஆயுள் கூடியிருக்கிறது. 2011-இல் தமிழ்நாட்டில் நூறு பேரில் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். 2031-இல் அது பதினெட்டுப் பேராக இருக்கும் என்பது அரசின் வல்லுநர் குழு போட்ட கணிப்பு. இது மாநிலம் முழுவதற்குமான சராசரி. இளையவர்கள் வெளியே போய்விடும் கிராமங்களில் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

எங்கள் தெருவையே ஒரு நாள் சாயந்தரம் நடந்து எண்ணினேன். பதினேழு வீடு. ஆறு வீட்டில் வயதான கணவன் மனைவி மட்டும். இரண்டில் தனியாக ஒரு அம்மா. மூன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் திறப்பார்கள். ஊருக்குக் கிழக்கே நெல்லும் மல்லாட்டையும் விளைந்த கழனிகளில் இப்போது சவுக்கு நிற்கிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்து "சோம்பேறி விவசாயம்" என்று நானே பேசியிருக்கிறேன். இப்போது ஒவ்வொரு சவுக்குத் தோப்புக்கும் பின்னால் எந்த வீடு என்று யோசித்தால் விஷயம் புரிகிறது. அந்த வீட்டில் இரண்டு பெரியவர்கள்தான் இருப்பார்கள். நட்டுவிட்டால் நாலைந்து வருஷத்துக்கு அதிகம் ஆள் தேவைப்படாத பயிர் அது. அவர்கள் கையைப் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் அதைச் செய்யவில்லை.

பதினோரு பேர் கதையில் விட்டுப்போனவர்கள்

"அந்தக் காலத்துல எல்லாம் கூட்டுக் குடும்பம்" என்று நாம் சொல்வது முழு உண்மை இல்லீங்க. இந்தியாவில் சராசரிக் குடும்பத்தின் அளவு மிக நீண்ட காலம் ஐந்து பேரை ஒட்டியே இருந்திருக்கிறது. பதினோரு பேர், பதினைந்து பேர் சேர்ந்து சாப்பிட்டது பெரும்பாலும் நிலம் இருந்த வீடுகளில்தான். பிரிக்கச் சொத்து இருந்ததால் பிரியாமல் இருந்தார்கள். நிலமில்லாத வீட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் தனிக் குடிசை, தனி உலை.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் ஆறு பேர். மொத்தம் பதினொன்று. ஆனால் நாற்று பறித்ததும், ஏர் ஓட்டியதும், எருக்குழி வெட்டியதும் முக்கால்வாசி இந்தப் பதினோரு பேர் இல்லை. எங்கள் நிலத்தில் ஒரு படியாள் குடும்பம் இருந்தது. அவரும் அவர் மனைவியும் கொல்லைப்புறத்தில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு வயலுக்குப் போவார்கள். அவர்களை நான் எண்ணவே இல்லை. அறுபது வருஷமாக எண்ணவில்லை என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற இருவேல்பட்டு என்ற ஊரைப் பற்றிச் சொல்லணும். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களை அவரவர் தெரிந்த கிராமங்களுக்கு அனுப்பி வீடு, நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் கணக்கெடுக்க வைத்தார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. அந்த ஊர்களில் இருவேல்பட்டும் ஒன்று. 1930-களிலும், 1980-களின் தொடக்கத்திலும், 2008-லும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே போனார்கள். ஒரே ஊரை நூறு வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் பார்த்த ஆய்வு இது. 1916-இல் ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர் அது. 2008-இல் அந்தப் பிடி தளர்ந்திருந்தது. உழைக்கும் குடும்பங்கள் ஊருக்கு வெளியே, விவசாயத்துக்கு வெளியே கிடைக்கும் வேலையை நம்பிப் பிழைக்கத் தொடங்கியிருந்தன.

"ஆள் கிடைக்கல, நூறு நாள் வேலை வந்து கெடுத்துடுச்சு" என்று நாம் புலம்புகிறோம். நம் வீட்டுப் பிள்ளை படித்து வெளியூர் போனால் முன்னேற்றம், அவர்கள் வீட்டுப் பிள்ளை போனால் ஆள் பற்றாக்குறையா? எங்கள் வீட்டுப் படியாளாக இருந்தவருடைய பேரன் இப்போது ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். என் மகன் ஷார்ஜாவில், மகள் பெங்களூரில். ஒரே காரணத்துக்காகத்தான் எல்லோரும் போயிருக்கிறார்கள். தாத்தா காலத்து இயற்கை விவசாயத்தைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று பேசும்போது, அது யார் கையால் நடந்தது என்பதையும் சேர்த்துப் பேசணும். அந்தக் கைகள் திரும்ப வராது. வரவும் கூடாது.

வாய்க்கணக்கும் கைக்கணக்கும்

இந்த விஷயத்தை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே யோசித்தவர் ஒருவர் இருக்கிறார். ரஷ்யாவின் வேளாண் பொருளாதார அறிஞர் அலெக்சாண்டர் சயானோவ். புரட்சிக்கு முன் அங்கே மாவட்ட அமைப்புகள் வீடு வீடாகப் போய் உழவர் குடும்பக் கணக்கை எடுத்து வைத்திருந்தன. அதை வைத்து அவர் சொன்னது மிக எளிமையானது. உழவர் குடும்பத்தை முதலாளியின் லாப நட்டக் கணக்கால் அளக்க முடியாது. அந்த வீட்டில் சாப்பிடும் வாய் எத்தனை, உழைக்கும் கை எத்தனை என்று பாருங்கள் என்றார்.

புதிதாகக் கல்யாணமான வீட்டில் இரண்டு வாய், இரண்டு கை. பிள்ளைகள் பிறக்கப் பிறக்க வாய் கூடும், கை கூடாது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகும்போது ஒரு கைக்கு ஏறக்குறைய இரண்டு வாய் என்கிற நிலை வந்துவிடும். அதுதான் பெற்றோர் முதுகு ஒடிய உழைக்கிற காலம். அதன்பிறகு மூத்த பிள்ளை வயலில் இறங்குவான், பாரம் குறையும். கை கூடும்போது அந்தக் குடும்பம் கூடுதல் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும். நிலத்தின் அளவு குடும்பத்தின் வயதோடு ஏறி இறங்கும் என்பது அவர் கண்டது. ஸ்டாலின் காலத்தில், 1937-இல், அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஐம்பது வருஷம் கழித்துத்தான் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள்.

நம் வீட்டில் இந்தச் சக்கரம் நடுவில் அறுந்துவிட்டது. பிள்ளை வளர்ந்து கையாக மாறும் நேரத்தில் ஊரை விட்டுப் போகிறான். கைக்குப் பதிலாகப் பணம் வருகிறது. 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. சென்னை, பெங்களூர், திருப்பூர் என்று உள்நாட்டில் போனவர்கள் தனி. போன இடத்தை நிரப்ப வெளி மாநிலத்துக்காரர்கள் வருகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வந்து டெல்டாவில் நாற்று நடுவதை நாம் பார்க்கிறோம். அவர்கள் ஊரிலும் இரண்டு பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, என் கணக்குக்கு வருகிறேன். திடமான ஆள் முழு நாள் உழைத்தால் ஒரு கை. அறுபது தாண்டிய நான் அரைக் கை. சமையல், வீட்டு வேலை போக வயலுக்கும் மாட்டுக்கும் என் மனைவி கொடுப்பது அரைக் கை என்று வைத்தேன். ("அரையா? உங்களுக்குத்தான் அரை, எனக்கு முக்கால்" என்றார். திருத்திக்கொண்டேன்.) ஆக ஒன்றே கால் கை. நான் போட்டிருந்த பண்ணைத் திட்டத்துக்குத் தினமும் நாலு கை வேண்டும்.

மிச்சம் இரண்டே முக்கால் கையைக் கூலி கொடுத்து வாங்கினேன். இரண்டாம் வருஷக் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்தேன். கூலி மட்டும் 86,000 ரூபாய். நெல், மல்லாட்டை, காய், பால் எல்லாம் சேர்ந்து வந்தது 1,12,000. உழவு, விதை, வெல்லம், புண்ணாக்கு, அறுவடை இயந்திரம் போகப் பார்த்தால் கை நட்டம். அதை மூடியது என் பென்ஷன். இதே வருஷத்தில் இரண்டு கூட்டத்தில் மேடையேறி "செலவில்லாமல் விவசாயம் செய்யலாம்" என்று பேசியிருக்கிறேன். பொய் சொல்லணும் என்று பேசவில்லை. என் மனைவியின் உழைப்பையும் என் பென்ஷனையும் செலவு என்று எழுதவே இல்லை, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு பென்ஷன் கிடையாது. அவர்களிடம் இந்தப் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் மாற்றியது

நெல்லை இரண்டு ஏக்கரிலிருந்து முக்கால் ஏக்கராகக் குறைத்தேன். அதில் எங்களுக்கும், பிள்ளைகளுக்கும், ஐந்தாறு நண்பர் குடும்பங்களுக்கும் ஒரு வருஷ அரிசி. மல்லாட்டை அரை ஏக்கர், ஊடுபயிராக உளுந்து. ஒன்றரை ஏக்கரில் மா, கொய்யா, முருங்கை, வேலியோரம் கிளிரிசிடியா. மரத்துக்கு நடுவே முதல் மூன்று வருஷம் காராமணி, கொள்ளு என்று மூடாக்குக்கு விதைத்துவிடுவது. மிச்ச நிலத்தைப் பக்கத்து வீட்டுத் தம்பதிக்கு வாரத்துக்கு விட்டேன், ரசாயனம் போடக்கூடாது என்கிற ஒரே நிபந்தனையோடு. அந்த வீட்டில் வாய் ஐந்து, கை மூன்று, நிலம் அரை ஏக்கர். அவர்களுக்கு நிலம் தேவை, எங்களுக்குக் கை தேவை. சயானோவ் சொன்ன அதே ஏற்பாடு, எங்கள் தெருவில்.

மாடு ஒன்றுதான். ஜீவாமிர்தம் முக்கால் ஏக்கர் நெல்லுக்கும் காய்கறிக்கும் மட்டும். மரங்களுக்கு மூடாக்கும் மட்கிய எருவும் போதும். நெல்லுக்கு நடவு, களை நாளில் மூன்று வீடுகள் சேர்ந்து ஆள் மாற்றிக்கொள்கிறோம். இன்றைக்கு எங்கள் வயல், நாளைக்கு அவங்க வயல்.

விளைச்சல் குறைந்தது. நட்டம் நின்றது. போன வருஷம் முதல் தடவையாகப் பென்ஷனைத் தொடாமல் பண்ணை ஓடியது. மணிக்கட்டு வலி இன்னும் குளிர்காலத்தில் வருகிறது என்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது

அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிப் பாருங்கள்.

ஒன்று. உங்கள் உலையில் சாப்பிடுகிறவர்கள் பேர், வயது, வாரத்தில் எத்தனை நாள் வயலுக்கு வர முடியும் என்று எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து அதே வரிசை எப்படி இருக்கும் என்று பக்கத்தில் எழுதுங்கள். மரம் வைப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வரிசைதான் முக்கியம்.

இரண்டு. ஒவ்வொரு பயிருக்கும், மாட்டுக்கும், இடுபொருளுக்கும் எத்தனை ஆள்நாள் ஆகிறது என்று குறியுங்கள். வீட்டுப் பெண்களின் உழைப்புக்கும் ஊர்க் கூலியை வைத்துக் கணக்கு எழுதுங்கள். பணம் கொடுக்காவிட்டாலும் எழுதுங்கள்.

மூன்று. வெளியே இருக்கும் பிள்ளைகளைக் கணக்கிலிருந்து அடித்துவிடாதீர்கள். அரிசி, எண்ணெய்க்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுப்பதும், கணக்கு பார்ப்பதும், வருஷத்தில் பத்து நாள் அறுவடைக்கு வருவதும் அவர்களால் முடியும். எங்கள் அரிசி வாங்கும் வீடுகளில் பாதி என் மகள் பிடித்துக் கொடுத்தவை.

நான்கு. பட்டாவைப் பாருங்கள். எங்கள் நிலம் போன வருஷம் வரை தாத்தா பெயரில்தான் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் செய்த திருத்தங்களால் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு வந்திருக்கிறது. 2005 திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தை, தங்கை எல்லோரையும் உட்கார வைத்து உயிரோடு இருக்கும்போதே பேசி முடியுங்கள். வாரிசுத் தகராறில் தரிசாகப் போன நிலத்தை வங்கியில் இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். பிரித்தாலும் சேர்ந்து பயிர் செய்ய முடியுமா என்றும் பேசுங்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடி நிலத்தின் சராசரி அளவு முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அதையும் நாலாகப் பிரித்தால் வரப்புதான் மிஞ்சும்.

ஐந்து. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது வீட்டுப் பெண்களின் தொழிலைச் சரியாகச் சொல்லுங்கள். 2001-இல் தமிழ்நாட்டில் 51 லட்சமாக இருந்த சாகுபடியாளர்கள் 2011-இல் 42 லட்சமாகக் குறைந்தார்கள். நிஜமாகவே விட்டுப் போனவர்கள் உண்டு. "அவங்க சும்மா வீட்லதான் இருக்காங்க" என்று நாமே சொல்லி விடுபட்ட பெண்களும் எத்தனை பேரோ. விதைக்கும், களையெடுக்கும், விதை சேமிக்கும், நிலத்தை மேற்பார்க்கும் பெண் சாகுபடியாளர்தான். எண்ணிக்கையில் இல்லாதவருக்குத் திட்டத்திலும் இடம் இருக்காது.

சென்ற முறை கணக்கெடுக்க வந்தவரிடம் நான் என் மனைவிக்கு "இல்லத்தரசி" என்று சொன்னதாக ஞாபகம். இந்த முறை அவரே வாசலுக்கு வந்து பதில் சொல்வதாக ஏற்பாடு.

உங்கள் வீட்டு வாய்க்கணக்கு, கைக்கணக்கை எழுதி இதழுக்கு அனுப்புங்கள். அதற்குத் தகுந்த மாதிரி நீங்கள் பயிரை மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.